பின்சுவரில் ஊறும் தண்ணீர்: பெயின்ட் டின் வாங்குவதற்கு முன்பு செய்ய வேண்டியவை

மே மாதம் தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் ஹட்டன், மஸ்கெலியா, கினிகத்தேனைப் பக்கம் பாதி வீடுகளில் ஒரே கதைதான். மலையைப் பார்த்த பின்சுவர் முழங்கால் உயரத்துக்குக் கறுத்திருக்கும், பூச்சு உப்பியிருக்கும், அலுமாரிக்குள் மடித்து வைத்த துணியில் பூஞ்சணம் நாறும். பண்டாரவளை, பதுளைப் பக்கம் இதே கூத்து ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரைக்கும் இழுக்கும். உடனே ஹார்ட்வெயார் கடைக்குப் போய் ‘வோட்டர்புரூஃப்’ என்று எழுதிய டின் ஒன்றை வாங்கி வந்து உள்பக்கமாக இரண்டு கோட் அடிக்கிறோம். அடுத்த மழைக்கு அது கொப்புளம் கொப்புளமாக எழும்பி உரிந்து விழுகிறது.

பெயின்ட் கம்பெனியைத் திட்டிப் பயனில்லை. தண்ணீர் சுவரின் மறுபக்கத்திலிருந்து தள்ளுகிறது, நீங்கள் இந்தப் பக்கத்தில் ஒரு தோலை ஒட்டியிருக்கிறீர்கள், அவ்வளவுதான் விஷயம். மலையில் கட்டிய வீட்டுக்குத் தண்ணீரை மறிக்கப் பார்ப்பதைவிட, அது சுவரைத் தொடுவதற்கு முன்பே வேறு வழி காட்டிவிடுவதுதான் வேலை செய்யும். அதற்குச் செலவும் பெரும்பாலும் குறைவு, உடம்பு நோவுதான் அதிகம்.

முதலில், எந்தத் தண்ணீர்?

ஈரமான சுவர் எல்லாமே மலைத் தண்ணீர் என்று முடிவு கட்ட வேண்டாம். நுவரெலியா, கந்தப்பளை மாதிரிக் குளிரான இடங்களில் அடுப்பு ஆவியும் மூச்சுக் காற்றும் குளிர்ந்த சுவரில் பட்டு வியர்ப்பதே பாதி ஈரம். இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. ஒரு அடிச் சதுரமாகக் கண்ணாடிப் பொலித்தீன் துண்டை எடுத்து, அந்த இடத்தைத் துணியால் துடைத்துக் காயவிட்டு, நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் விடுங்கள். பொலித்தீனின் வெளிப்பக்கம் நனைந்திருந்தால் ஈரம் அறைக்குள் இருக்கும் காற்றிலிருந்து வருகிறது. ஜன்னலைத் திறந்து, அடுப்புக்குப் புகைபோக்கி வைத்தால் போதும், வடிகால் கான் வெட்டத் தேவையில்லை. உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் அது சுவருக்குள்ளிருந்து வருகிற தண்ணீர்.

அப்புறம் நேரத்தைக் கவனியுங்கள். ஒரு கொப்பியில் மழை எப்போது தொடங்கியது, சுவர் எப்போது கறுத்தது என்று ஒரு பருவத்துக்குக் குறித்து வைத்தால், எந்த மேசன் பாஸ் வந்து என்ன சொன்னாலும் உங்களிடம் ஆதாரம் இருக்கும். மழை பெய்து கொஞ்ச நேரத்திலேயே ஈரம் என்றால் தகரம், பீலித்தகடு, சுவர் வெடிப்பு இவற்றில் ஒன்று. சில மணித்தியாலம் கழித்து என்றால் மேல்மண்ணில் வடிந்து வரும் தண்ணீர். மழை விட்டு இரண்டு மூன்று நாள் ஆன பிறகும், சில நேரம் வாரக்கணக்கிலும் ஊறிக்கொண்டே இருந்தால் அது மலைக்குள் இறங்கி நிதானமாக வரும் நிலத்தடி நீர். மழைக்கும் வெயிலுக்கும் எந்த வித்தியாசமும் தெரியவில்லையா? பைப்பைச் சந்தேகப்படுங்கள். இரவு படுக்கும்போது எல்லா டெப்பையும் பூட்டி, டாங்கியில் தண்ணீர் மட்டத்துக்கு நேரே ஒரு கோடு போட்டு, உள்ளே வரும் குழாயையும் அடைத்துவிட்டு, காலையில் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் விடை கிடைத்துவிட்டது.

மேல் வீட்டுக் குளியலறைத் தண்ணீர்தான் கீழே வருகிறது என்று சந்தேகம் வந்தால், சண்டைக்குப் போகும் முன் அவர்களிடம் கேட்டுக்கொண்டு, துணிக்குப் போடும் நீலத்தை நிறையக் கரைத்து அங்கே ஊற்றிப் பாருங்கள். நீலம் கீழே தெரிந்தால் உறுதி. தெரியவில்லை என்பதற்காக இல்லை என்று சொல்லிவிட முடியாது, ஏனென்றால் களிமண் சாயத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குடிக்கத் தண்ணீர் எடுக்கும் பீலிக்கு மேலே இந்த வேலையைச் செய்யாதீர்கள்.

கடைசியாக, ஈரத்தின் உருவத்தைப் பாருங்கள். சுவர் நெடுக ஒரே உயரத்தில், மேல் ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்து நின்றால் அது அத்திவாரத்திலிருந்து சுவரின் நுண்துளைகள் வழியாக ஏறும் ஈரம். பெரும்பாலும் ஒரு மீற்றர் உயரத்துக்கு மேல் போகாது. ஒரு மூலையில் மட்டும், அல்லது இடுப்புக்கு மேலேயும் திட்டுத் திட்டாக, விரலால் தொட்டால் சொட்டும் அளவுக்கு இருந்தால் பின்னாலிருந்து மண்ணோடு சேர்த்துத் தண்ணீர் அழுத்துகிறது என்று அர்த்தம்.

மலைக்குள் என்ன நடக்கிறது

1856இல் பிரான்ஸின் திஜோன் நகரத்துக்குக் குடிநீர்த் திட்டம் போட்ட ஹென்றி டார்சி என்ற பொறியியலாளர் மணல் நிரப்பிய குழாயில் தண்ணீர் விட்டுப் பார்த்துச் சொன்ன கணக்கைத்தான் இன்றைக்கும் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். கசியும் அளவை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று, தண்ணீர் மட்டம் எவ்வளவு செங்குத்தாக இறங்குகிறது என்பது. இன்னொன்று, மண் எவ்வளவு விட்டுக்கொடுக்கிறது என்பது. முதலாவது இரண்டு மடங்கானால் கசிவும் இரண்டு மடங்கு. இரண்டாவதில்தான் விளையாட்டே இருக்கிறது: பருமணல் வழியாகப் போகும் தண்ணீர், நல்ல களிமண் வழியாகப் போவதைவிட இலட்சம் மடங்குக்கும் மேல் வேகமாகப் போகும்.

நமது மலைகளில் மேலே இலேசான மண்ணும் எப்போதோ சரிந்து வந்து தங்கிய கல்லும், அதற்குக் கீழே உக்கிய பாறை, அதற்கும் கீழே கெட்டிப் பாறை என்றுதான் அநேகமாக இருக்கும். மழைநீர் மேல்மண்ணில் சுலபமாக இறங்கி, கெட்டியான படையில் தட்டி, அதற்கு மேல் இறங்க முடியாமல் சரிவின் போக்கிலேயே பக்கவாட்டில் ஓடுகிறது. வீடு கட்ட பெக்கோ கொண்டுவந்து மலையை வெட்டும்போது அந்தப் படையைத்தான் நாம் குறுக்கே அறுக்கிறோம். 7 பேர்ச்சஸில் கட்டிய புதிய தனிவீடுகளானாலும் சரி, அந்தக் காலத்து லயமானாலும் சரி, வெட்டின சுவரின் பாதி உயரத்தில் ஒரு கோடு போட்ட மாதிரி பாசியும் பன்னமும் வளர்ந்திருப்பதைப் பாருங்கள். பன்னம் வளரும் கோடு எதுவோ, தண்ணீர் வெளியே வரும் கோடும் அதுதான். உங்கள் கானை எங்கே போட வேண்டும் என்பதை அந்தச் செடியே சொல்லிவிடும்.

இனி அழுத்தக் கணக்கு. வெட்டின மலையைத் தாங்கக் கட்டும் தடுப்புச் சுவரான கட்டுக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி நின்றால், 2 மீற்றர் உயரத்துக்கு அது கட்டின் ஒவ்வொரு மீற்றர் நீளத்திலும் ஏறத்தாழ 2 தொன் எடையில் தள்ளும். 3 மீற்றருக்குத் தேங்கினால் நாலரைத் தொன். இது தண்ணீர் மட்டும். மண்ணின் தள்ளல் வேறாக இருக்கிறது. மழைக்காலத்தில் கட்டு விழுவது அநேகமாகத் துளையே விடாமல் அல்லது விட்ட துளை அடைபட்டுக் கிடக்கும் கட்டுகளில்தான். கல்லும் சீமெந்தும் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பின்னால் தேங்கும் தண்ணீருக்கு வழி இல்லையென்றால் அது தாங்காது.

மண்வெட்டியை எடுக்கும் முன்

கசியும் தண்ணீரை ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்து ஒரு இரவு வையுங்கள். தெளிவாக இருந்தால் நல்லது. அடியில் மண் படிந்தால் தண்ணீர் உள்ளே மண்ணை அரித்துக்கொண்டு வருகிறது, நிலத்துக்குள் குழாய் மாதிரியான ஓட்டை வளர்கிறது. தெளிவான கசிவு வருடக்கணக்கில் இருக்கலாம். சமனலவெவ நீர்த்தேக்கத்தை நிரப்பத் தொடங்கிய 1992இல் அதன் வலது கரையில் தண்ணீர் பீறிட்டு வந்தது. பின்னர் நீர்த்தேக்கத்துக்குள் மண் கொட்டிக் கசிவைக் குறைக்கப் பார்த்தார்கள், முழுமையாக நிற்கவில்லை, ஆனால் கண்காணித்துக்கொண்டே மின்சாரம் எடுக்கிறார்கள். கசியும் தண்ணீர் கீழே கல்தொட்டை வயல்களுக்கும் போகிறது. கசிவு இருப்பதைவிட அது மாறுவதுதான் பயப்பட வேண்டியது.

ஆகவே இவற்றில் ஒன்றைக் கண்டாலும் கான் வெட்டுவதை விட்டுவிடுங்கள்: தெளிவாக வந்த ஊற்று திடீரெனக் கலங்கியது, இல்லாத இடத்தில் புதிதாக ஊற்று வெடித்தது, மழை பெய்யும்போதே வழக்கமான ஊற்று நின்றுபோனது, மேலே தேயிலை மலையில் பிறை வடிவில் நிலம் வெடித்தது, மரமோ போஸ்ட்டோ சாய்ந்தது, நேற்று வரை பூட்டின கதவு இன்று இறுகியது. இது உங்கள் மண்வெட்டிக்கு உரிய வேலை இல்லை. வீட்டைவிட்டு வெளியேறி, கிராம உத்தியோகத்தருக்கும் 117 என்ற அனர்த்த முகாமைத்துவ நிலைய இலக்கத்துக்கும் சொல்லுங்கள். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களோடு மண்ணுக்குள் போன உயிர்களை இந்த மலையகத்தில் யாரும் மறக்கவில்லை.

மழையை நீங்களே அளக்கலாம். வாயும் அடியும் ஒரே அகலமுள்ள டின் ஒன்றைக் கூரையும் மரமும் மறைக்காத இடத்தில் நேராக வைத்து, தினமும் காலை எட்டரைக்கு அடிமட்டத்தால் அளந்துவிட்டுக் கொட்டுங்கள். டின்னில் எத்தனை மில்லிமீற்றரோ அத்தனை மில்லிமீற்றர் மழை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்கு வைத்திருக்கும் கணக்கு 24 மணித்தியாலத்தில் 75 மி.மீ. என்றால் விழிப்பு, 100 என்றால் தயார், 150 என்றால் வெளியேறு. ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தாலும் வெளியேற வேண்டியதுதான். இரவில் கொட்டும்போது காலை எட்டரை வரைக்கும் காத்திருக்க வேண்டாம், டோர்ச் எடுத்துப் போய்ப் பாருங்கள்.

கான் வெட்டுதல்

சரி, ஆபத்தான அறிகுறி இல்லை, வெறும் ஊறல்தான் என்றால் வேலையைத் தொடங்கலாம். மேற்குச் சரிவில் ஜனவரி முதல் மார்ச் வரையும், ஊவாப் பக்கம் ஜூன் முதல் ஓகஸ்ட் வரையும் நல்ல காலம். லயத்தில் இருப்பவர்கள் தோட்ட நிர்வாகத்திடம் சொல்லிவிட்டு வெட்டுங்கள், பிறகு கதை வளராது.

முதலில் மேல்கான். வெட்டின மலையின் உச்சியிலிருந்து இரண்டு மூன்று மீற்றர் தள்ளி, சரிவுக்குக் குறுக்கே ஒரு கான் போட்டு, மேலிருந்து ஓடிவரும் மழைநீரைப் பக்கத்துக்குத் திருப்புங்கள். தேயிலை மலையில் குறுக்குக் கான் வெட்டிப் பழகியவர்களுக்கு இது புதிதில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: வீட்டுக்கு மேலே வெட்டும் கானை வெறும் மண்ணாக விட்டால், அதில் தேங்கும் தண்ணீர் நேரே உங்கள் பின்சுவருக்குத்தான் இறங்கும். அடியைச் சீமெந்தால் பூசுங்கள், காசில்லாவிட்டால் களிமண்ணைக் குழைத்து மிதித்து இறுக்குங்கள். கூரைத் தண்ணீருக்கும் பீலித்தகடு வைத்துக் குழாய் வழியாக இறக்குங்கள். பல வீடுகளில் இந்த இரண்டோடு பாதி ஈரம் போய்விடும்.

மீதிக்குத்தான் சுவருக்குப் பின்னால் கல் கான். வீட்டுக்கும் வெட்டின மலைக்கும் நடுவில் ஒரு ஒன்றரை அடி அகலத்துக்கு, உள்தரை மட்டத்திலிருந்து ஒரு அடி கீழே வரும்படி வெட்ட வேண்டும். அத்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே போகக்கூடாது, போனால் வீடே கானுக்குள் இறங்கப் பார்க்கும். மலையின் காலடியை ஒரேயடியாக நெடுகத் தோண்டவும் கூடாது. இரண்டு மூன்று மீற்றர் வெட்டி, கல் நிரப்பி முடித்த பிறகு அடுத்த துண்டுக்குப் போங்கள். மலை ஆளுயரத்துக்கு மேல் செங்குத்தாக நின்றால், பிரதேச செயலகம் வழியாகத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

கானின் அடி 10 மீற்றர் தூரத்துக்கு 10 சென்ரிமீற்றராவது இறங்க வேண்டும். கண்ணால் பார்த்து முடிவு செய்தால் தவறும், ஏனென்றால் மலைச் சரிவில் கண் ஏமாற்றும். தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயை இரண்டு முனையிலும் பிடித்து மட்டம் பாருங்கள்.

அடியில் ஜியோ டெக்ஸ்டைல் துணியை விரித்து, அதன் மேல் ஒரு சாண் முக்கால் அங்குல மெட்டல் கல், அதன் மேல் துளை போட்ட 4 அங்குல பீ.வீ.சீ. குழாய், துளைகள் கீழ்ப்பக்கம் பார்த்தபடி. கீழே பார்க்க வைத்தால் தண்ணீர் எப்படி உள்ளே போகும் என்று எல்லோரும் கேட்பார்கள். தண்ணீர் கல்லுக்குள் கீழிருந்து மேலே நிரம்பி வருகிறது, அதனால் அடித்துளை வழியாக முதலில் புகுந்து ஓடிவிடும். மேலே பார்க்க வைத்தால் குழாயின் முழு உயரத்துக்கும் நிரம்பிய பிறகுதான் வேலை செய்யும், மண்ணும் உள்ளே விழும். குழாய்க்கு மேலேயும் கல் நிரப்பி, துணியை இரண்டு பக்கமும் மடித்து மூடி, அதற்கு மேல் அரை அடிக்குக் களிமண் அல்லது கொங்கிரீட் போட்டு மேல்மழையை வெளியே சரித்துவிடுங்கள். துணியின் வேலை தேத்தண்ணி வடியின் வேலைதான், தண்ணீரை விட்டுத் தூளைப் பிடிப்பது. அதை மிச்சம் பிடிக்கிறேன் என்று விட்டுவிட்டால் ஓரிரு மழைக்காலத்திலேயே கல்லுக்குள் சேறு ஏறி கான் செத்துவிடும். தும்புப் பாய் போடலாமா என்று கேட்டால், போடலாம், ஆனால் சில வருடத்தில் உக்கிவிடும் என்று தெரிந்துகொண்டு போடுங்கள்.

அதற்காக ஆழமாக வெட்ட வெட்ட நல்லது என்று நினைக்க வேண்டாம். நிலத்துத் தண்ணீரை அளவுக்கு மீறி இறக்கினால் மண் இறுகி அமர்ந்து சுவர் வெடிக்கும், பக்கத்துக் கிணறும் வற்றும். 2014 டிசம்பரில் உமா ஓயாத் திட்டச் சுரங்கத்துக்குள் தண்ணீர் பெருக்கெடுத்தபோது பண்டாரவளைச் சுற்றுவட்டாரத்தில் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றி, வீடுகள் வெடித்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கருங்கல் கட்டு இருந்தால் அதில் 2 அல்லது 3 அங்குலக் குழாய்களை ஒன்றரை முதல் 2 மீற்றர் இடைவெளியில், வெளிப்பக்கம் சற்றுச் சாய்வாக வையுங்கள். கீழ் வரிசை தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில். உள்முனைக்குப் பின்னால் ஒரு கூடை மெட்டல் கல்லைக் கொட்டி, வலையால் மூட வேண்டும். துளை மட்டும் விட்டுப் பின்னால் களிமண்ணை அடைத்த கட்டுகளை எத்தனையோ இடத்தில் பார்க்கலாம். கொட்டும் மழையிலும் அந்தத் துளைகள் காய்ந்து கிடக்கும்.

சுவர், மலசலகூடக் குழி, மற்றவை

கான் வேலை செய்ய ஆரம்பித்த பிறகும் சுவர் காயச் சில மாதம் எடுக்கும். அவசரப்பட்டுப் பூச வேண்டாம். உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவினால் திரும்பவும் உள்ளே போய்விடும். காய்ந்த பிறஷால் தட்டி அள்ளிக் கொட்டுங்கள். பழைய லயக் காம்பராக்களில் கல்லும் மண் சாந்தும் வைத்துக் கட்டிய சுவர் இருந்தால் சீமெந்துப் பூச்சைவிடச் சுண்ணாம்புப் பூச்சே நல்லது. சீமெந்து வெளியே மூடிவிட்டால் ஈரம் போக வழியில்லாமல் மண் சாந்து உள்ளேயே இளகும். வெளியே மண் மட்டம் உள்தரையைவிட உயர்ந்திருந்தால் அதை வெட்டி இறக்கினாலே ஏறும் ஈரம் குறையும். வெளிப்பக்கமாகப் பூசுவதென்றால் வோட்டர்புரூஃப் டின்னுக்கு ஒரு மரியாதை இருக்கிறது, மலைப்பக்கம் தோண்டி வெளிச்சுவரில் அடித்தால்.

மலசலகூடக் குழிக்குள் இருப்பதும் இதே டார்சிக் கணக்கில்தான் நகர்கிறது. கிணற்றிலிருந்து குறைந்தது 15 மீற்றர் தள்ளி என்று பொதுவாகச் சொல்வார்கள், ஆனால் அது சமதரைக்குச் சரி. மலையில் தூரத்தைவிட மேல் கீழ்தான் முக்கியம்: பீலிக்கு நேர் மேலே 30 மீற்றரில் குழி இருந்தாலும், நடுவில் வெடித்த பாறையோ சரளை மண்ணோ இருந்தால், வடிகட்டாமலே வந்து சேரும். பீலிக்குப் பக்கவாட்டிலோ கீழேயோ வெட்டுங்கள். ஏற்கெனவே மேலே இருந்தால் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்காதீர்கள், பார்க்க எவ்வளவு தெளிவாக இருந்தாலும். மண்ணெண்ணெய், டீசல், பழைய எஞ்சின் ஒயில் எதையும் கானில் ஊற்றக்கூடாது. அவை நிலத்தடி நீரின் மேல் மிதந்து நெடுந்தூரம் போகும், ஒரு கிணற்றில் வாடை ஏறிவிட்டால் இறங்க வருடக்கணக்காகும்.

இனிக் கானின் வாய். லயங்கள் படிப்படியாக ஒன்றின் கீழ் ஒன்றாக இருக்கும் இடத்தில் மேல் லயத்துக் கான் கீழ் லயத்தின் பின்சுவரில் போய் முடிவதுதான் வழக்கமாக நடக்கும் அநியாயம். வெட்டும் முன்பே கீழ் வீட்டு அண்ணனையோ அக்காவையோ கூப்பிட்டு, இரண்டு வீட்டுக் கானையும் சேர்த்து ஓடை வரைக்கும் கொண்டுபோகப் பேசுங்கள். சரிவில் தண்ணீர் விழும் இடத்தில் கல் அடுக்கி வையுங்கள், இல்லாவிட்டால் அங்கே குழி விழுந்து மேல்நோக்கி அரித்துக்கொண்டே வரும். குழாயின் வாய்க்குக் கம்பிவலை போடுங்கள், எலி கூடு கட்டும். ஒவ்வொரு பருவமழைக்கும் முன்பு மேல்முனையில் இரண்டு வாளித் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். கீழே வர நேரமாகிறதென்றால், மழை தொடங்கும் முன் நீளக் கம்பி விட்டுச் சேற்றை எடுத்துவிடுங்கள்.